சிலந்தி மணி



திருமறையின் 29-வது சூராவுக்குப் பெயர் அல்-அன்கபூத், அதாவது சிலந்தி. வீடுகளிலெல்லாம் பலவீனமானது சிலந்தியின் வீடே என்று அதன் 41-வது ஆயத் அறிவிக்கிறது. சிறு வயதில் மத்ரஸாவில் ஓதிய ஆயத்துத்தான். அதன் பாரத்தைச் சென்ற ஆண்டு ஒரு தஸ்பீஹ் மணி நமக்குக் காட்டிக் கொடுத்தது.

ரமலானுக்கு முன்பு ஒரு மொத்த வியாபாரி சிராங்கூன் சாலையிலுள்ள நமது கடைக்குச் சில தஸ்பீஹ் மாலைகள் கொண்டுவந்தார். தேன் நிறம். ஒவ்வொரு மாலையிலும் ஒரு மணிக்குள் சிறு சிலந்தி. "அசல் கஹ்ரபா" என்றார். வாங்கினோம். மாலை 80 வெள்ளி வீதம் மூன்று பேருக்கு விற்றும் விட்டோம்.

கஹ்ரபா வேறு, அத்தர்க்காரர்கள் சொல்லும் அம்பர் வேறு. அந்த அம்பர் திமிங்கிலத்திலிருந்து வருவது. கஹ்ரபாவோ குங்கிலியத்தைப் போல மரத்தில் வடிந்த பிசின். மண்ணுக்குள் பல கோடி ஆண்டுகள் கிடந்து இறுகியது. துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். ஆகவே வைக்கோலைக் கவர்வது என்ற பொருளில் பாரசீகர் அப்பெயர் வைத்தனர். வடியும்போது அகப்பட்ட பூச்சிகள் அப்படியே உள்ளே நின்றுவிடுகின்றன. பர்மாவில் கச்சின் மாநிலத்து ஹுகாங் பள்ளத்தாக்கில் கிடைக்கும் கஹ்ரபாவின் வயது ஏறத்தாழ 9 கோடியே 90 லட்சம் ஆண்டு. சிலந்தியைப் போன்ற, ஆனால் உடலைவிட நீண்ட வாலுள்ள ஒரு பிராணி அதில் இருந்ததை 2018-ல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். கோடிக் கணக்கைக் கேட்டுச் சில சகோதரர்கள் கலங்குகிறார்கள். படைப்பு எப்படித் தொடங்கிற்று என்று பூமியில் சென்று பார்க்கும்படி அதே சூராவின் 20-வது ஆயத் ஏவுகிறதே, பார்ப்பதற்கு என்ன பயம்?

நம்மை உலுக்கியது 2012-ல் வெளியான ஒரு செய்தி. அதே பள்ளத்தாக்குக் கஹ்ரபா ஒன்றில், வலையில் சிக்கிய குளவியின் மேல் சிலந்தி பாயும் நிலையில் இருக்கிறது. வலையின் 15 இழைகள் அறாமல் இருக்கின்றன. பலவீனமான அந்த வீடு இத்தனை கோடி ஆண்டு நின்றிருக்கிறது, கட்டியதற்குப் பயன்படாமலே. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பாய்ந்த கணத்தில் பிசின் மூடிவிட்டது. நாம் கல்லாவில் கை வைக்கிற கணத்தில் மூடினால், எந்தக் கோலத்தில் அகப்பட்டிருப்போம்?

அன்றிரவே ஒரு தம்ளர் தண்ணீரில் கரையும் மட்டும் உப்பைப் போட்டுக் கலக்கி, மணியை இட்டோம். அசலானால் மிதக்க வேண்டும். (கல்லாகாத இளம் பிசினும் மிதக்கும், ஆகவே மிதப்பது முழுச் சாட்சியாகாது.) நமது மணி நேரே அடியில் போய் உட்கார்ந்தது. பிளாஸ்டிக்.

"யார் உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்க்கப் போகிறார், நானா?" என்று அந்த வியாபாரி சிரித்தார். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளிருந்த ஈரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்களிடம், மழையில் நனைந்தது என்றான் அந்தக் கடைக்காரன். நனைந்ததை ஜனங்கள் காண மேலே வைக்கலாகாதா என்று கேட்டார்கள். நமக்கு மழைச் சாக்குகூட இல்லை.

இருவரைத் தேடிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஒருவர் வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தோம். மூன்றாமவர் அப்துல் கபூர் பள்ளிவாசலில் ஜும்ஆ முடித்து வந்து வாங்கிய ஒரு பெரியவர். ஊர் பேர் கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய 80 வெள்ளி கல்லாவில் சேராமல் ஓர் உறையில் தனியே இருக்கிறது. அவர் இதை வாசித்தால், அல்லது வாசிப்பவர் அவரை அறிந்தால், மாலை தொலைந்திருந்தாலும் வந்து பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.