பட்டவர் சொன்னால், மற்றவர் சொன்னால்

கொல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சியில் சென்னை வண்டி ஏறிக் கட்டட வேலைக்கு வரும் வங்காளத் தொழிலாளர்களில் நாமசூத்திரர் என்ற பட்டியல் சாதியினரும் உண்டு. அப்படி ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒருவர், சட்டையில் டீயைக் கொட்டிய நண்பனை "அட சண்டாளா!" என்று திட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திட்டியவர் மனதில் சாதி இல்லை. 'படுபாவி' என்பதற்கு மேல் அவர் எதையும் நினைக்கவில்லை. தமிழ் தெரியாத அந்தத் தொழிலாளிக்கோ அந்த ஒரு சொல் மட்டும் நன்றாக விளங்கும்.

அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவர்கள் அவர் முன்னோர். நெடுநாள் போராடி, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அதை நீக்கி நாமசூத்திரர் என்று பதிய வைத்தார்கள். அதே சமூகத்தில் பிறந்த மனோரஞ்சன் பியாபாரி, கொல்கத்தாவில் ரிக்‌ஷா இழுத்தவர், சிறையில் எழுத்துக் கற்றவர், நூறாண்டு கழித்துத் தன் வரலாற்றுக்குச் 'சண்டாள வாழ்க்கை' என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். முன்னோரின் போராட்டத்தை அவர் அவமதிக்கவில்லை. பெயர் போன பிறகும் பசியும் இழிவும் போகவில்லை என்று காட்ட அவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. அதனால் அது ஊருக்கே பொதுவாகிவிடாது. தன் காயத்தைத் தானே திறந்து காட்டுபவர், மற்றவர் அதில் கைவைக்க இசைவு தரவில்லை.

பட்டவர்களுக்குள்ளும் கருத்து ஒன்றாக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் பறையர் சமூகத்தைச் சேர்ந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். பெயரை ஒளித்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்பது அவர் கட்சி. அதே சமூகத்து அயோத்திதாசர் அது பகைவர் சூட்டிய பெயர் என்று மறுத்தார். 1907-இல் அவர் தொடங்கிய இதழ் 'ஒரு பைசாத் தமிழன்'. இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது வெளியார் வேலை அல்ல. ஆனால் சீனிவாசன் ஏற்றதைக் காட்டி அயோத்திதாசரை அப்படி அழைப்பது, அதே சமூகத்தவர் செய்தாலும் முறையாகாது. வெளியாருக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்?

சட்டமும் ஆளையும் இடத்தையும் பார்க்கிறது. பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர், அவர்களைப் பொதுப் பார்வையில் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதைத்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. 2024-இல் தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் 'சண்டாளர்' என்ற சொல்லைப் பாட்டிலும் நகைச்சுவையிலும் பயன்படுத்த வேண்டாம் என்றது. பாட்டி காலத்துத் திட்டுதானே, இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாமல் சொன்னவரை மன்னிக்கலாம். எடுத்துச் சொன்ன பிறகும் 'எங்கள் ஊர் வழக்கு' என்று விடாப்பிடியாகச் சொல்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் இப்போது தெரிந்தேதான் சொல்கிறார்.