வெட்கப்படாமல் பேசுங்கள்

தியானப் பகுதி: ஆதியாகமம் 2:25, 3:7,8, உன்னதப்பாட்டு 1:5-15



ஏதேனில் ஆதாமும் ஏவாளும் ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்படவில்லை. பாவம் உள்ளே வந்ததும் என்ன நடந்தது? மரங்களுக்குள்ளே தேவனுக்கு ஒளிந்தது பிறகுதான். அதற்கு முன்பே அத்தியிலைகளைத் தைத்துவிட்டார்கள். கவனித்தீர்களா? மனுஷன் முதலாவது மறைந்தது தன் துணைக்கு!

அந்த அத்தியிலை இன்றைக்கும் நம் வீடுகளில் இருக்கிறது. வீட்டு ஜெபத்துக்குப் போகிற இடங்களில் பார்க்கிறேன். மூன்று பிள்ளை பெற்ற சகோதரி, குடும்ப போட்டோ எடுக்கக் கூப்பிட்டால், அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விடுகிறாள். கணவர் விளையாட்டாக, "எங்க வீட்டு அரிசி மூட்டை" என்று சிரிக்கிறார். அவளும் சிரிக்கிறாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. இன்னொரு வீட்டில் சகோதரருக்குத் தொப்பை விழுந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சுகர் மாத்திரையை மனைவிக்குத் தெரியாமல் ஆபீஸ் பையிலே வைத்திருக்கிறார். "அவ என்ன நினைப்பாளோ" என்ற பயம்!

உன்னதப்பாட்டின் மணவாட்டியைப் பாருங்கள். வெயில் பட்டுக் கறுத்த தன் நிறத்தை அவள் மறைக்கவில்லை. எருசலேமின் பெண்களுக்கு முன்பாகத் தானே வாய் திறக்கிறாள். காரணத்தையும் சொல்லுகிறாள்: சகோதரர்கள் அவளைத் திராட்சத்தோட்டக் காவலுக்கு வைத்தார்கள், தன் சொந்தத் தோட்டத்தை அவளால் காக்க முடியவில்லை. நம் தாய்மார் எத்தனை பேருடைய கதை இது! மாமியார், பிள்ளைகள், வேலை என்று எல்லாருடைய தோட்டத்தையும் காத்து, தன் சரீரத்தைக் கவனிக்க நேரமில்லாமல் போனவர்கள். அவளுடைய நேசர் கேலி பண்ணினாரா? இல்லை. அவளை ரூபவதி என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அப்படின்னா பாஸ்டர், உள்ளதைச் சொல்லக் கூடாதா?" என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும்! அன்போடு சத்தியத்தைப் பேசும்படி பவுல் எபேசியருக்கு எழுதினார். ஆனால் அழகு வேறு, ஆரோக்கியம் வேறு. இரண்டையும் குழப்பாதிருங்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் தேசத்தில் சர்க்கரை வியாதியுள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். கைகால் ஒல்லியாயிருந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பவருக்கும் இது பொருந்தும். ஆகவே பேசுங்கள். "நீ அசிங்கமா இருக்கே" என்றல்ல. "நீ என்கூட ரொம்ப வருஷம் இருக்கணும்" என்று பேசுங்கள்.

எப்படிப் பேசுவது?

1. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னும், பிள்ளைகள், சொந்தக்காரர் முன்னும் பேசாதிருங்கள். அது ஆலோசனையல்ல, அவமானம்.

2. முதலில் உங்கள் சரீரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் பயத்தை நீங்கள் திறந்தால் அவர்களும் திறப்பார்கள்.

3. சேர்ந்து செய்யுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடப்பது போன்ற உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. ஐந்து நாள், அரை மணி நேரம். "எனக்கு ஏதுங்க நேரம்?" என்று மனைவி கேட்டால், புருஷன் பாத்திரம் கழுவட்டும்!

4. எடை குறைக்கப் பட்டினி கிடந்து, அதற்கு உபவாசம் என்று பேர் வைக்காதிருங்கள். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினியிருந்தால் சுகர் இறங்கி மயக்கம் வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

சரீர முயற்சி கொஞ்சம் பிரயோஜனம், தேவபக்தியோ எல்லாவற்றிலும் பிரயோஜனம் என்கிற கருத்தில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். கொஞ்சம் என்றார், ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை!

தேவபிள்ளையே, இன்று ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்து பிள்ளைகள் தூங்கின பிறகு, இருவரும் பத்து நிமிடம் உட்காருங்கள். மறைத்த மாத்திரையைக் காட்டுங்கள். சிரித்து மறைத்த வேதனையைச் சொல்லுங்கள். கேட்கிறவர் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு கைகோர்த்து ஜெபியுங்கள்: "ஆண்டவரே, எங்கள் சரீரம் உமது ஆலயம். ஒருவருக்கொருவர் ஒளியாமல் வாழக் கிருபை தாரும். ஆமென்."

கர்த்தர் உங்கள் குடும்பத்தை ஆசீர்வதிப்பாராக! அல்லேலூயா!