தெளிவும் உண்மையும்

தெளிவாகத் தோன்றுவது உண்மையாகவும் இருத்தல் வேண்டுமா? மெய்யியலாளரின் இப்பழைய வினா இன்று உயிரியல் ஆய்வுகூடத்திலும் எழுகின்றது.

ஒளியலை நீளத்தின் ஏறத்தாழ அரைப்பங்கிலும் நெருங்கிய இரு புள்ளிகளை நுணுக்குக்காட்டி வேறுபிரித்துக் காட்டாது என்பதை 1873 ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் ஏர்ன்ஸ்ற் அபே எடுத்துரைத்தார். கட்புலனாகும் ஒளியில் இவ்வெல்லை ஏறத்தாழ 200 நனோமீற்றராகும். ஒளிரும் மூலக்கூறுகள் அனைத்தையும் ஒருங்கே ஒளிரவிடாது, ஒரு சிலவற்றை மட்டும் ஒளிரச் செய்யும் உத்திகளால் இவ்வெல்லை கடக்கப்பட்டது. அதற்காக எரிக் பெற்சிக், ஸ்ரெபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோர் 2014 இல் இரசாயனவியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றனர்.

எனினும், கண்ணாடித் தகட்டிற் பரந்த கலத்தில் கைகூடியது இழையத்தின் ஆழத்தில் எளிதிற் கைகூடவில்லை. நீர், கொழுப்பு, புரதம் என்பவற்றின் முறிவுச்சுட்டிகள் வேறுபடுதலால் ஒளி வழியிலேயே திரிந்து சிதறுகின்றது. 2012 இல் ஹெல் குழுவினர் உயிருள்ள எலியின் மூளையை 70 நனோமீற்றரிலும் நுண்மையாகப் படம்பிடித்தனர். ஆயின், அப்பார்வை மேற்பரப்பை அண்டிய பகுதிக்கு அப்பாற் செல்லவில்லை. ஒளியின் செறிவைக் கூட்டினாலோ கலம் ஊறுபடும்.

இத்தடையை நீக்க இருவகை வழிகள் கையாளப்படுகின்றன. வளிமண்டலத்தால் விண்மீன்களின் ஒளி திரிவதைத் திருத்த 1953 இல் ஹொரஸ் பாப்கொக் முன்மொழிந்த முறையைத் தழுவியது ஒன்று. இழையம் ஒளியை எவ்வாறு திரிக்கின்றது என அளந்து, அதற்கு எதிராக ஆடியின் வடிவை மாற்றுவது அது. முன்னர் எடுத்த படங்களிற் பயிற்றப்பட்ட கணினியைக்கொண்டு மங்கிய படத்தை நிரப்புவது மற்றையது.

இரண்டும் தெளிவைத் தருவன. ஆயினும், முன்னையது எதிரேயுள்ள தடையை அளந்து திருத்துகின்றது. பின்னையது வழமையை எதிர்பார்த்துத் திருத்துகின்றது. முன்னறிவின்றிக் காட்சியே இல்லை என ஒருவர் வாதிடலாம். அது மெய்யே. ஆனால், நோயுற்ற இழையம் வழமையினின்று வேறுபடுவதாலேயே ஆராயப்படுகின்றது. வழமையை மட்டும் கற்ற கணினி, தேடப்படும் அவ்வேறுபாட்டையே அழகுற மறைத்துவிடக்கூடும். மங்கிய படம் பார்ப்பவரை ஐயுறச் செய்யும். பிழையான தெளிந்த படமோ ஐயத்தையே அகற்றிவிடும்.

ஆதலின், கணினியின் துணையை விலக்குதல் அன்று, அளந்தது எது, ஊகித்தது எது என்பதைப் படத்திலேயே புலப்படுத்துதலே ஆய்வாளனின் அறமாகும். அறியாததை அறியாததாகவே காட்டும் படம் தெளிவிற் குறைந்ததாயினும் அறிவிற் குறைந்ததன்று.