தரை கேட்கும் வடிவம்

ஷார்க் வீல் என்றொரு ஸ்கேட்போர்டு சக்கரம் இருக்கிறது. ஒரு கோணத்தில் பார்த்தால் சதுரமாகவே தெரியும். இது எப்படி உருளும் என்று யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் உருளுகிறது, தடதடக்காமல். கலிபோர்னியாவின் டேவிட் பாட்ரிக் உருவாக்கியது. 2013இல் இணையத்தில் நிதி திரட்டிச் சந்தைக்கு வந்தது. சூட்சுமம் இதுதான்: தரையைத் தொடும் விளிம்பு நேர்ப்பட்டையாக ஓடாமல் அலையலையாக வளைந்து சுற்றிவருகிறது. அச்சுக்கும் தரைக்கும் உள்ள தூரம் மட்டும் மாறுவதே இல்லை. ஈர மணலில் ஓட்டினால் பாம்பு போன தடம்போல ஒரு கோடு விழும். தரையில் படும் பரப்பு குறைவு. நீரும் மணலும் அலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஒதுங்கிக்கொள்ளும் என்பது தயாரிப்பாளர்களின் வாதம். ஆக, வட்டம் எங்கும் போய்விடவில்லை. நிற்கும் சக்கரத்தைப் பார்த்துவிட்டு நாம்தான் சதுரம் என்கிறோம்.

ஸ்கேட்போர்டின் கதையே பெரும்பாலும் சக்கரத்தின் கதைதான். 1960களில் களிமண் கலவைச் சக்கரங்கள். நல்ல வட்டம், குறை சொல்ல முடியாது. ஆனால் பட்டாணி அளவு கல் ஒன்று குறுக்கே கிடந்தால் போதும், பலகை அங்கேயே நிற்கும். ஆள் மட்டும் முன்னே போவான். 1970இல் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர் வர்ஜீனியாவில் ஒரு தொழிற்சாலையில், ரோலர் ஸ்கேட்டுக்காக வார்த்திருந்த யூரித்தேன் சக்கரங்களைப் பார்த்தார். தன் பலகையில் மாட்டிப் பார்த்தார். பிறகு கலிபோர்னியாவில் ‘கெடிலாக்’ என்ற பெயரில் விற்றார். வடிவம் அதே வட்டம். பொருள் மட்டும் கல்லுக்கு இணங்கிக் கொடுத்து, சரிவில் தரையைப் பற்றிக்கொண்டது. 1975இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த ஸ்கேட்போர்டு போட்டியில் செஃபிர் என்ற அணியின் பிள்ளைகள் தரையோடு தரையாகத் தாழ்ந்து, கை சிமெண்டை உரச வளைந்து திரும்பினார்கள். அதுவரை அப்படித் திரும்ப உடம்புக்குத் துணிவு இருந்ததில்லை. துணிவைக் கொடுத்தது சக்கரம்.

அப்படியானால் பற்றும் சக்கரம்தான் சிறந்ததா? தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்கள் சிரிப்பார்கள். யூரித்தேனின் கடினத்தை ஓர் அளவுகோலில் குறிப்பார்கள். 78ஏ மிருது, 99ஏ கல்போலக் கடினம். அவர்கள் கேட்பது 99ஏதான். கரடுமுரடான சாலையில் அது பல்லைக் கிடுகிடுக்க வைக்கும், காதைப் பிளக்கும். ஆனால் வேண்டிய நொடியில் பிடியை விட்டுச் சறுக்கும். அவர்களுக்கு அது முக்கியம். 1990களின் தொடக்கத்தில் இந்தப் பிடிவாதம் உச்சத்துக்குப் போனது. விட்டம் 40 மில்லிமீட்டருக்கும் குறைந்த சக்கரங்கள் வந்தன. அதில் 22 மில்லிமீட்டர் பேரிங்குக்கே போய்விடும். பேரிங்கைச் சுற்றி ஒரு வளையம், அவ்வளவே. தரையில் ஒரு விரிசல் வந்தால் கதை முடிந்தது. இருந்தும் பலகையைப் புரட்டிப் போடுவதற்கு எடை குறைவு என்று மோசமான ஓட்டத்தைக் கேட்டு வாங்கினார்கள்.

தரையை மாற்றினால் சதுரமும் உருளும். அமெரிக்காவின் மெக்காலஸ்டர் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த ஸ்டான் வேகன் செய்வித்த மூன்று சக்கர வண்டி ஒன்று உண்டு. அதன் சக்கரங்கள் நிஜமாகவே சதுரம். தொங்கும் சங்கிலியின் வளைவைக் கவிழ்த்து வரிசையாக அடுக்கிய பாதையில் அது அலுங்காமல் போகிறது. மூலைகள் பள்ளங்களில் இறங்க, அச்சு ஒரே மட்டத்தில் நகர்கிறது. அந்தப் பாதையில் வட்டச் சக்கரத்தை ஓட்டினால் தூக்கித் தூக்கிப் போடும்.

வட்டத்தைக் குறையற்ற வடிவம் என்றே பழகிவிட்டோம். அது சமதரைக்கு ஏற்ற வடிவம். அந்தச் சமதரையை மண்ணைக் கொத்தி, தாரும் சிமெண்டும் போட்டு நாம்தான் செய்துவைத்தோம். வழுவழுப்பு சக்கரத்துக்குள்ளும் இல்லை, பாதைக்குள்ளும் இல்லை. இரண்டும் தொடும் அந்த விரல்நுனி அகலத்தில் இருக்கிறது, உருளும்வரை மட்டும். இதைத் தெரிந்தவர்கள் கடையில் எது நல்ல சக்கரம் என்று கேட்பதில்லை. எங்கே ஓட்டப்போகிறோம் என்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.