ஏட்டில் ஏறாத நஷ்டம்

பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறான் என்றால் கடைத்தெரு முழுவதும் சொல்லி மகிழ்கிறோம். அதே பிள்ளை அரசாங்க ஆஸ்பத்திரியில் நிர்வாக உத்தியோகத்துக்குப் போகிறேன் என்றால், "கணக்கு எழுதத்தானே? அதற்கு நம் கடை போதாதா?" என்கிறோம். இக்கேள்வி முறைதானா என்று வியாபாரிகளாகிய நாம் சற்றுச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பிரிட்டனில் 1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. ஏழை, பணக்காரர் அனைவருக்கும் வரிப்பணத்தில் வைத்தியம். 1970களில் அங்கே டாக்டர், தாதி, நிர்வாகி, பொருளாளர் எல்லோரும் கூடி ஒருமனப்பட்டால்தான் முடிவு என்ற நிலை இருந்தது. 1983இல் இதை ஆராய அரசாங்கம் யாரை அழைத்தது? செயின்ஸ்பரி என்னும் பெரிய மளிகை நிறுவனத்தை நடத்திவந்த ராய் கிரிஃபித்ஸ் என்பவரை! எல்லோரும் பொறுப்பு என்றால் ஒருவரும் பொறுப்பில்லை என்று கண்ட அவர், ஒவ்வொரு மட்டத்திலும் பொறுப்பேற்க ஒரு பொது நிர்வாகி வேண்டும் என்றார். நம் தொழிலுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன!

ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. 2006-07ஆம் கணக்காண்டில் அந்நாட்டின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையை நடத்திய நிர்வாகம், 1 கோடி பவுன் மிச்சம் பிடிப்பதற்காக 150க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைத்தது. 2008இல் கூடுதல் சுயாதிகாரமுள்ள அந்தஸ்தும் அதற்குக் கிடைத்தது. அதே காலத்தில் வார்டுகளில் நோயாளிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. அவசரப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்று வரவேற்பு மேசையில் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையில் நடந்து, 2010இலும் 2013இலும் அறிக்கை வெளியிட்ட விசாரணைகள் அங்கு நோயாளிகள் பட்ட பாட்டை ஊரறியச் செய்தன.

எங்கே தவறிற்று? கடையில் சரக்கு மோசமானால் வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போவார். மாலையில் கல்லாவே நமக்குச் சொல்லிவிடும். படுக்கையில் கிடக்கும் நோயாளி எங்கே போவார்? அவருடைய தாகம் எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதப்படுவதில்லை. ஐந்தொகை நேராக நிற்கும். மனிதன் சாய்ந்து கிடப்பான்.

இதனால் நிர்வாகியே வேண்டாம் என்பதல்ல. மருந்து வேளைக்கு வருவதும், தாதியர் போதிய அளவில் இருப்பதும் நிர்வாகம் சரியாக நடந்தால்தான் முடியும். டாக்டர் ஒரு நோயாளியின் உயிரைக் காக்கிறார் என்றால், நல்ல நிர்வாகி நூறு டாக்டர்கள் அந்த வேலையைச் செய்ய வழி செய்கிறார். ஆனால் கணக்கு சொல்லாததை நேரில் சென்று காண்பவரே நல்ல நிர்வாகி.

ஆகவே அவ்வுத்தியோகத்தை விரும்பும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். கணக்கை நாமே கற்றுக் கொடுப்போம். நாள்தோறும் ஒருமுறை வார்டைச் சுற்றி வா என்றும் சொல்லி அனுப்புவோம்.