ஓய்வுநாளும் ஒடுங்கிய படகும்

ஓய்வு என்பது உழைப்பு இல்லாத நிலையா, அல்லது உழைப்பின் நடுவிலும் குலையாதிருக்கும் ஓர் உளநிலையா என்னும் வினா மேலைச் சமய மெய்யியலில் மிகப் பழையது. இங்கிலாந்தின் கால்வாய்களில் ‘நேரோபோட்’ எனப்படும் ஒடுங்கிய நீள்படகில் விடுமுறையாளர்கள் கழிக்கும் ஒரு பகற்பொழுதை இவ்வினாவுக்கு உரைகல்லாகக் கொள்ளலாம். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி முதலிய பொறியாளர்கள் வகுத்த அளவுக்குள் அடங்க வேண்டியிருப்பதால், இப்படகு ஏறத்தாழ 7 அடி அகலமே உடையது. நீளமோ 70 அடியையும் தாண்டக்கூடும். கால்வாய்களில் பொதுவாக மணிக்கு 4 மைலுக்கு மேல் செல்லக் கூடாது என்பது விதி. ஆதலால் கரையோரம் விரைந்து நடப்பவர் படகை முந்திவிடலாம்.

ஆயினும் அப்பகல் சும்மா இருக்கும் பகலன்று. நிலமட்டம் உயரும் இடங்களில் ‘லாக்’ என்னும் அமைப்பு, அதாவது இரு முனைகளிலும் கனத்த கதவுகளை உடைய கல் அல்லது செங்கல் தொட்டி, குறுக்கிடும். படகைத் தொட்டிக்குள் செலுத்திக் கீழ்க்கதவை மூடி, மேல்மதகைக் கைச்சாவியால் திருகித் திறந்து, உள்ளே நிறையும் நீர் படகைத் தூக்கும் வரை காத்திருந்து, பின்னர் கதவின் நீண்ட மரக்கையை முதுகால் தள்ளித் திறக்க வேண்டும். டிவைசஸ் நகரருகே, கேன் ஹில் சரிவை உள்ளடக்கிய 2 மைல் தொலைவில், இத்தகைய 29 தொட்டிகள் 237 அடி ஏற்றத்தைக் கடத்துகின்றன; அவற்றை ஏறி முடிப்பதற்குள் பகலின் பெரும்பகுதி கழிந்துவிடும். வேலை நாள்களில் மின்தூக்கிக்காக ஒரு நிமிடம் நிற்கப் பொறாதவரும் இங்கே தொட்டி நிறைவதைப் பொறுமையாகப் பார்த்து நிற்பதுண்டு. எனவே உழைப்பின்மையே ஓய்வு என்னும் வரையறை முதல் தொட்டியிலேயே பொய்த்துவிடுகிறது.

அரிஸ்டாட்டில் ஓய்வைக் குறிக்க ஆண்ட ‘ஸ்கோலே’ என்னும் கிரேக்கச் சொல்லே இன்றைய ‘ஸ்கூல்’ என்பதன் மூலம். அலுவலைக் குறிக்கும் சொல் அதன் எதிர்மறையான ‘அஸ்கோலியா’, அதாவது ஓய்வின்மை; வேலையை முதலாகவும் ஓய்வை அதன் எச்சமாகவும் கருதும் பிற்கால வழக்கத்துக்கு இது நேர்மாறானது. இக்கருத்தை மீட்டெடுத்த ஜெர்மானியக் கத்தோலிக்க மெய்யியலாளர் யோசெஃப் பீப்பர், 1948இல் வெளியான தம் நூலில், ஓய்வின் பகையாக ‘அசீடியா’வைச் சுட்டினார். அச்சொல்லை ‘மடி’ எனப் பெயர்த்தால் பொருள் முழுமையாக வராது. தாமஸ் அக்வினாஸின் விளக்கப்படி அது இறைநன்மையை எதிர்கொள்ளும்போது உள்ளம் கொள்ளும் துயரம். ஓயாமல் ஓடுபவனிடமும் அது குடியிருக்கலாம். இந்நோக்கில், தொட்டிக் கதவைத் தள்ளி வியர்க்கும் பயணி ஓய்வில் இருக்கிறார் என்றே கொள்ளவேண்டும். ஏனெனில் மாலைக்குள் இன்ன ஊரை அடைந்தாக வேண்டும் என்னும் கடன் அவருக்கில்லை.

இவ்விளக்கம் அழகானதுதான், ஆனால் போதுமானதன்று. வர்ஸ்லிச் சுரங்கத்தின் நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுசெல்லும் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761இல் திறக்கப்பட்ட காலம்தொட்டு, குதிரை இழுத்த சரக்குப் படகுகளும் இதே மெதுவான வேகத்தில்தான் சென்றன. அவற்றைச் செலுத்தியவர்களுக்கு மெதுமை இன்பமாக இருக்கவில்லை. இருப்புப்பாதையின் போட்டியால் கூலி நலிந்தபோது, கரையில் வீடு வைக்க இயலாத குடும்பங்கள் படகின் பின்முனையிலிருந்த, 10 அடி நீளம்கூட எட்டாத சிற்றறையில் குடியேறின. அவ்வறைகளில் தங்குவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டவே 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சரக்குப் போக்குவரத்தைத் தடுக்கலாமா என 1841இல் பிரபுக்கள் அவையின் குழு ஒன்று ஆராய்ந்தது. ஆக்ஸ்போர்டில் படகோட்டிகளுக்கென ஒரு மிதக்கும் சிற்றாலயமே இருந்தது. 1839இல் அதனை வழங்கியவர் ஹென்றி வார்ட் என்னும் நிலக்கரி வணிகர் என்பது சற்றே சிந்திக்க வைக்கும் செய்தி: வார நாள்களில் படகோட்டியை விரைவுபடுத்திய தொழிலே ஞாயிறன்று அவனுக்கு வழிபாட்டிடத்தையும் தந்தது. அவ்வாலயம் 1868இல் நீரில் மூழ்கிப் போயிற்று.

எபிரேய மறையின் ஓய்வுநாள் கட்டளை இவ்விடத்தில் கிரேக்கரைவிட ஆழமாகச் செல்கிறது. அரிஸ்டாட்டிலின் ஓய்வு அடிமைகளின் உழைப்பைத் தாங்குதளமாகக் கொண்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை. யாத்திராகமத்திலும் உபாகமத்திலும் வரும் கட்டளையோ வேலைக்காரனையும் வேலைக்காரியையும் கால்நடையையும் வாசலுக்குள் இருக்கும் அந்நியனையும் சேர்த்தே பேசுகிறது. யாத்திராகமம் இதற்குப் படைப்பின் ஏழாம் நாளைக் காரணம் காட்ட, உபாகமம் எகிப்தில் பட்ட அடிமைத்தனத்தின் நினைவைக் காரணம் காட்டுகிறது. இவ்விரண்டில் இரண்டாவதே வலிமையானது எனலாம். ஓய்வை உளநிலையாக மட்டும் காணும் கோட்பாடு, படகை இழுத்த குதிரையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாதது.

இக்கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. எல். டி. சி. ரோல்ட்டின் ‘நேரோ போட்’ நூல் 1944இல் வெளிவந்து, இரண்டாண்டுகளில் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றி, சரக்கு ஒழிந்த கால்வாய்கள் மெல்ல மெல்லப் பொழுதுபோக்குக்கு உரியனவாயின. இன்று அவற்றில் விடுமுறையாளருடன், படகையே வீடாகக் கொண்டவர்களும் மிதக்கின்றனர். அவர்களுள் நிலையான துறை இல்லாதோர், தக்க காரணமின்றி ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாள்களுக்கு மேல் தங்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. மழையோ பனியோ, பணியிடமும் பிள்ளைகளின் பள்ளியும் எத்திசையில் இருப்பினும், அவர்கள் முளையைப் பிடுங்கிக் கயிற்றைச் சுருட்டி நகர வேண்டும். விடுமுறையாளர் பணம் கொடுத்துப் பெறும் அதே மெதுவான நகர்வு இவர்களுக்குக் கட்டாயம்.

இவ்விரு சாராரும் சந்திக்கும் இடத்திற்கென ஒரு வழக்கம் உண்டு. கரையில் கட்டிய படகைக் கடக்கும்போது, 4 மைல் வேகமும் மிகுதி என்று கருதி, எஞ்சின் அணையாத அளவுக்கு மட்டும் தணித்துச் செல்வர். விரைந்து சென்றால் இழுபடும் நீர், கட்டுக்கயிற்றைச் சுண்டி முளையைப் பெயர்த்து, உள்ளே அடுப்பிலிருக்கும் கெண்டியைக்கூடக் கவிழ்த்துவிடும்.