பங்கும் விநியோகமும்

மகிழ மரத்தடியில் ஸ்ரீ ராமாநுஜர் பெரிய நம்பிகளிடம் பஞ்ச ஸம்ஸ்காரம் பெற்ற புண்ணிய பூமி மதுராந்தகம். ஏரி காத்த ராமனாக எம்பெருமான் இங்கு ஸேவை சாதிக்கிறான். உத்ஸவ காலத்தில் திரண்டு வரும் அன்பர்கள், தீர்த்தமும் துளசியும் சடாரியும் பெற்றபின் பிரஸாதத்திற்குக் கையேந்தி நிற்பர். எம்பெருமான் அமுது செய்த அன்னத்தை அடியார்களுக்கு வழங்குவதை 'விநியோகம்' என்பது ஸம்பிரதாய வழக்கு. பங்கு, கூறு, பாகம், வீதம் என்று பிரிப்பதற்குச் சொற்கள் பல இருக்க, ஸந்நிதியில் இச்சொல் வழங்குவானேன்?

எது எதற்கு உரியது என்று காட்டுவதே விநியோகம் என்பது மீமாம்ஸா சாஸ்திரத்தின் கொள்கை. பிறர்பொருட்டே இருப்பது சேஷம். எவர்பொருட்டு இருக்கிறதோ அவர் சேஷி. 'எனக்கு எவ்வளவு?' என்று கேட்பது பங்கு. 'இது யாருக்காக?' என்று கேட்பது விநியோகம். சேஷம் என்றால் மிச்சம் என்றும் பொருளுண்டு. பிரஸாதம் பெருமாளின் சேஷம். அதனை உண்ணும் ஜீவனும் அவனுக்கே சேஷம் என்பது ராமாநுஜ தரிசனம்.

வடமொழியில் 'பஜ்' என்னும் தாதுவுக்குச் சேவித்தல், கொடுத்தல் ஆகிய பொருள்களைத் தாதுபாடம் கூறுகிறது. பாகம், விபாகம் என்னும் பிரிவினைச் சொற்களும், பக்தி, பஜனை என்னும் வழிபாட்டுச் சொற்களும் இவ்வொரே வேரில் முளைத்தவை. அமரகோசம் சோற்றுக்கு 'பக்தம்' என்றும் ஒரு பெயர் சொல்லும். பகிர்வதும் சேவிப்பதும் அன்னமும் ஒரே குலத்துச் சொற்கள் என்பது எண்ணி மகிழத்தக்கது.

புத்திரகாமேஷ்டியில் கிடைத்த பாயஸத்தைத் தசரத சக்கரவர்த்தி பகிர்ந்த விதத்தை ஸ்ரீமத் ராமாயணம் கணக்கோடு கூறுகிறது. கௌஸல்யைக்குப் பாதி, ஸுமித்ரைக்குக் கால், கைகேயிக்கு அரைக்கால், எஞ்சிய அரைக்காலும் ஸுமித்ரைக்கே. பாகங்கள் ஸமமாக இல்லை. ஆயினும் அப்பாயஸத்தால் பிறந்த நால்வரில் ஒருவரும் பாகக் கணக்குக் கேட்டதில்லை. ராஜ்யம் முழுவதும் தனக்கே வந்தபோது, பரதாழ்வான் பாதுகையை முன்னிட்டு, ராமனுடைய பொருளாகவே அதனைப் பதினான்கு ஆண்டுகள் காத்தான். பங்காக வந்ததை அவன் விநியோகமாக்கினான். துரியோதனனோ ஐந்து ஊர் கேட்டவர்களுக்கு ஊசிமுனை நிலமும் இல்லை என்றான். முடிவில் குலத்தையே இழந்தான். தமிழில் பங்காளி என்ற ஒரு சொல் உறவினனையும் குறிக்கும், பங்குக்குப் போட்டியிடுபவனையும் குறிக்கும். பரதனும் பங்காளிதான், துரியோதனனும் பங்காளிதான்.

இத்தொண்டை மண்டலத்து ஊர்களில் காணிப் பங்குக்குக் 'கரை' என்று பெயர் இருந்தது. நிலத்தை நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டால் அறுதிக்கரை. பொதுவில் வைத்துக் காலந்தோறும் மாற்றிப் பகிர்ந்துகொண்டால் பசுங்கரை. 1818-இல் அச்சான எல்லிஸ் துரையின் மிராசு பற்றிய நூலில் இம்முறைகள் பேசப்படுகின்றன.

ஏரியின் அணைக்கும் கரை என்றே பெயர். மதகுகள் நீரைப் பிரித்துக் கொடுக்கலாம். கரையைப் பிரிக்க இயலாது. கரை உடைந்தால் தலைமடைக்கும் பங்கில்லை, கடைமடைக்கும் பங்கில்லை. 1790களில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை, பெருமழை இரவில் இரு வில்லாளிகள் ஏரிக்கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்பதும், அதன்பின் ஜனகவல்லித் தாயார் ஸந்நிதித் திருப்பணியைச் செய்வித்தார் என்பதும் தலவரலாறு. அவர் பெயர் பொறித்த கல்வெட்டு ஸந்நிதியில் உள்ளது. அன்று ராமலக்ஷ்மணர் காத்தது ஒருவர் வயலை அன்று. அனைவர் பங்குக்கும் ஆதாரமான கரையை.

கொடுத்தால் குறையும் பொருளுக்கே இத்தனை நியாயம் வேண்டுமானால், கொடுத்தும் குறையாத பொருளை ஒளித்து வைப்பது தகுமோ? இங்கே மந்திரோபதேசம் பெற்ற எம்பெருமானார், பின்னர்த் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற ரகசியார்த்தத்தை ஆசையுடையோர்க்கெல்லாம் வெளியிட்டார் என்பது குருபரம்பரைச் செய்தி. தமக்கு நரகம் வரினும் பலர் உய்வரே என்பது அவர் திருவுள்ளம்.

வீட்டுக்கு வீடு பாகப்பிரிவினை நடக்கிறது. நிலத்தையும் நகையையும் பிரிப்பதில் குற்றமில்லை. அளந்து பிரிப்பது தர்மமே. ஆனால் பெற்ற தாய்க்கு எவன் வீட்டில் எத்தனை நாள் சோறு என்று முறை வைக்கும்போது கரையே உடைகிறது. பங்கு கேட்க வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் உடலே அவள் சேஷம் அன்றோ?

பிரஸாத வரிசையில் முன்னே நிற்பவர், பின்னே கடைசியில் நிற்கும் முதியவரையும் குழந்தையையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாராக. இரண்டாம் முறை நீட்டும் கை மடங்கினால், அந்தக் கவளம் உரியவரைச் சேரும். அதுவே விநியோகம், அதுவே பக்தி. ஏரி காத்த பெருமான் அடியார் இல்லங்களின் கரைகளையும் உடையாது காத்தருள்வானாக.

சுபம்.